பிலோமினாவின் ஒருசந்தி

போன மாதம் உங்கள் ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வையும் போர்த்தினீர்கள். நன்றி. பத்தொன்பது ஸ்லைடு போட்டு ஒரு பெண் பேசினாரே, அவர் பேச்சில் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே என்னை வாயைப் பிளக்க வைத்தது. எலிக்குத் தீனியைக் குறைத்தால் அதன் எதிர்ப்பு சக்தி எப்படி மாறுகிறது, குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கும் புற்றுநோய் மருந்து வேலை செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். நானெல்லாம் ஒற்றைக் கண்ணால் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வெள்ளை அணுக்களை ஆட்டுக்குட்டி எண்ணுவதுபோல் எண்ணிச் சம்பளம் வாங்கிய ஆள். இந்த வளர்ச்சியைப் பார்க்க உயிரோடு இருக்கிறேனே என்று சந்தோஷமாக இருந்தது.

ஆனால் பேச்சு முடிந்ததும் ஒரு தம்பி எழுந்து, "உங்க காலத்துல சாப்பாட்டைப் பத்தியெல்லாம் யாரும் யோசிச்சிருக்க மாட்டீங்க, இல்லையா சார்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பதில் சொல்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. நீங்கள் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றி யோசித்தபடி ஓடிவிட்டீர்கள். அந்தத் தம்பிக்கு வைத்திருந்த பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், எலி ஒருசந்தி இருக்காது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் என் பொறுப்பில் இருந்தது. பொறுப்பு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃப்ரிஜ், நான். வளவனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். மகப்பேறு வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என்னை "லேப் சார்" என்றுதான் கூப்பிடுவார். அந்த 'சார்' என்பதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

பிலோமினா முகையூர்ப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கலாம். முதல் கர்ப்பம். மூன்று மாதம் பிள்ளை என்று சுமந்தது பிள்ளையாக இல்லை. கரு உருவாகாமல் நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக்குலை மாதிரி வளர்ந்துவிடும் ஒரு கோளாறு உண்டு, உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதன் மிச்சம் புற்றாக மாறி நுரையீரல்வரை போய்விட்டது. சில மாதம் கழித்து இருமலும் ரத்தப்போக்குமாகத் திரும்பி வந்தாள்.

இந்தப் புற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மருந்துக்கு அடங்கும். அப்போதே முழுசாகக் குணமாக்க முடிந்த வெகு சில புற்றுகளில் அது ஒன்று. சென்னையில் ஒரு பெரிய டாக்டர் பார்த்து ஊசி முறையை எழுதிக்கொடுத்தார். அங்கேயே மாதக்கணக்கில் தங்க வசதியில்லாததால், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஊசி போடுவது, சந்தேகம் வந்தால் போனில் சென்னைக்கு டிரங்கால் போட்டுக் கேட்பது என்று ஏற்பாடு. அந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் அழிக்கும். அதனால் ஊசி போட்டுக் கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு வெள்ளை அணுவை எண்ணிப் பார்த்து அடுத்த ஊசி. எண்ணுவது நான்.

முதலில் எல்லாம் அழகாகப் போனது. இருமல் நின்றது. எக்ஸ்ரேயில் நிழல்கள் சிறுத்தன. டாக்டரம்மா வராந்தாவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடந்ததை ஒருநாள் நானே கேட்டேன். பிறகு திடீரென்று வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயின. வாயெல்லாம் புண். அதே மருந்து, அதே அளவு, அதே ஆள்.

முதல் சந்தேகம் யார்மேல் வரும்? என்மேல்தான். டாக்டரம்மா லேபுக்கே வந்துவிட்டார்.

"லேப் சார், இது பிலோமினா ரத்தம் தானா? வேற யாரோடதாவது மாறிடுச்சா?"

"மேடம், மாறியிருந்தா அந்த வேற யாரோ இந்நேரம் ஐஸீயூல இருக்கணும். அவ்ளோ கம்மி."

"கோவிச்சிக்காதீங்க. புதுசா எடுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

கோபித்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் பக்கத்திலேயே நின்றார். அதே கதைதான் வந்தது. அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, வெளியே நின்ற நர்சுகள் காதில் விழும்படியே, "லேப் சார் தப்பில்ல. நான் தான் சந்தேகப்பட்டுட்டேன்," என்றார். சந்தேகப்படும் டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும் எல்லார் முன்னாலும் செய்தவர் இவர் ஒருவர்தான். என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

அடுத்து ஊசி போட்ட அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. மருந்துப் புட்டிகளைப் பார்த்தார், அவையும் சரி. சாப்பாட்டைக் கேட்டார். அவளுக்கென்று முட்டையும் பாலும் தனியாக எழுதிக்கொடுத்திருந்தார். அவள் புருஷன் சவரிமுத்து வீட்டிலிருந்து கீரை, மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை, கேப்பை அடை என்று தூக்கு நிறையக் கொண்டுவந்துகொண்டிருந்தார். தட்டும் தூக்கும் காலியாகத்தான் போகின்றன என்று நர்சு சொன்னார். நல்லா சாப்பிடுறியாம்மா என்றால் பிலோமினா தலையை ஆட்டினாள்.

சென்னைக்கு டிரங்கால் போட்டோம். அணுக்கள் ஏறாமல் ஊசி போடக் கூடாது, போட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே கொண்டுபோய்விடும் என்றார் பெரிய டாக்டர். ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது, தள்ளினால் அந்த வளர்ச்சி மறுபடி தலையெடுக்கும், அப்புறம் இந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம் என்றும் அவரே சொன்னார். 

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டரம்மா பிலோமினாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் நின்றார். அங்கே இருந்தவர் செல்லம்மா, கூலிவேலை செய்கிறவர். பிரசவம் ஆன மகளுக்குத் துணையாக வந்து, காலில் ஆறாத புண்ணோடு தானே படுத்துவிட்டவர். கட்டைப் பிரித்த நர்சு மருந்து வைத்துவிட்டு மறுபடி கட்டப் போனார். டாக்டரம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஏம்மா, மாசக்கணக்கா ஆறாத புண்ணு. எப்படி இவ்ளோ ஜல்தியா ஆறுது?"

"எல்லாம் உங்க கைராசிங்கம்மா."

"என் கைராசி எனக்குத் தெரியும். வீட்ல இருந்து என்ன சாப்பாடு வருது?"

"எனுக்கு யாருங்கம்மா கொண்டாந்து குட்க்கிறாங்க? ஆஸ்பத்திரி சோறு தான்."

டாக்டரம்மா செல்லம்மாவுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். புண்ணுக்கு வந்தவருக்கு எதற்கு இதெல்லாம் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். வந்தபோது சோகை பிடித்து வெளுத்திருந்த அம்மா. இப்போது பார்த்தால் கல்யாணப் பொண்ணு ரத்தம். போய்ச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"லேப் சார், இந்தக் கட்டில்ல போடுற சாப்பாடு அந்தக் கட்டில்ல வேலை செய்யுது."

நாங்கள் எல்லோரும் நோயாளியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலைப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மதியம் டாக்டரம்மா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். பிலோமினாவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வா, சேர்ந்து சாப்பிடுவோம்," என்றார். நான் ஏதோ ரத்தம் எடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். பிலோமினா தட்டைத் தொடவில்லை. செல்லம்மாவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை.

"அதுவா தான் குட்த்துச்சிங்கம்மா. வேணாம் வேணாம்னாலும் வுடல. முட்டைய உரிச்சி கையில வெச்சிட்டு மொகத்த திருப்பிக்கினு படுத்துக்கும். வீணாப் போவுதேன்னு துன்னுட்டேன். அது துன்னா தான் பொழைக்கும்னு எனுக்குத் தெரியாதும்மா." அழ ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க அழாதீங்க. உங்க புண்ணாவது ஆறுச்சே," என்று அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பிலோமினாவைப் பார்த்தார் டாக்டரம்மா.

"தவக்காலம் டாக்டரம்மா," என்றாள் அவள். "ஒருசந்தி இருக்கேன்."

கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன்னால் நோன்பு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. இவள் அந்த ஒரு வேளையையும் வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். மருந்து ஒருபக்கம் அணுக்களை அழிக்க, புதிதாக உண்டாக்க உடம்பில் சரக்கே இல்லை. என் மைக்ராஸ்கோப் சொன்னது அவ்வளவுதான்.

வேறு டாக்டராக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பார். நானே கத்தியிருப்பேன். டாக்டரம்மா தன் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, சவரிமுத்துவைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார். பிலோமினா அங்கே கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவள். அவளுக்கும் சவரிமுத்துவுக்கும் கல்யாணம் நடத்திவைத்த பாதிரியாரும், சாமியார் என்றுதான் கூப்பிடுவார்கள், அங்கேதான் இருந்தார். அவர் பேச்சைத்தான் அவள் கேட்பாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

சாமியார் மறுநாளே பஸ் பிடித்து வந்தார். வயதானவர், மூச்சு வாங்கியது. "நோயாளிக்கு ஒருசந்தி கெடையாதும்மா. அது திருச்சபையே சொல்றது. நானும் சொல்றேன், சாப்புடு," என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. காரியம் முடிந்தது என்று லேபுக்குக் கிளம்பப் பார்த்தேன்.

"இது திருச்சபை ஒருசந்தி இல்ல சாமி," என்றாள் பிலோமினா. "என் புள்ளைக்கு. பூசை வெக்கல, மண்ணு போடல, ஒரு பேரு கூட இல்ல. புள்ளயே இல்ல, வெறும் குலைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்ப நான் மூணு மாசம் யாருகிட்ட பேசிக்கினு இருந்தேன்? ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி இருக்கறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கினேன். அதையும் வுட்டுட்டா அதுக்கு யாரு இருக்கா?"

 ஈஸ்டருக்கு இன்னும் வாரக்கணக்கில் இருந்தது. அவ்வளவு நாள் அந்த வளர்ச்சி காத்திருக்காது. "வெறும் குலை" என்று முதலில் சொன்னவர் டாக்டரம்மாதான். அது அவர் முகத்தில் தெரிந்தது.

என் மனசுக்குள் ஒரு குறுக்குவழி ஓடியது. ஏதாவது பொய் சொல்லலாமே, மாதா கனவில் வந்தாள் என்று செல்லம்மாவை விட்டுச் சொல்லவைக்கலாமே என்று. உயிர் போகிற நேரத்தில் பொய் என்ன, மெய் என்ன? டாக்டரம்மா அந்தப் பக்கமே போகவில்லை.

"பிலோமினா, புள்ளை உருவாகலன்னு நான் சொன்னது நிஜம். இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். நீ மூணு மாசம் புள்ளைன்னு தான் சுமந்த. அதுவும் நிஜம் தான். அதை நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல," என்றார்.  "இப்ப ஊசி போட்டா உன் உடம்பு தாங்காது. போடலன்னா நோய் திரும்பிடும். நீ சாப்பிட்டா மட்டும் தான் எனக்கு வழி இருக்கு. நேர்ச்சையை விடுன்னு சொல்ல நான் யாரு? சாமி, ஒருத்தர் நேர்ச்சையை இன்னொருத்தர் எடுத்துக்கலாமா?"

 "நேர்ச்சைய நல்ல காரணத்துக்கு மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு," என்றார் சாமியார் மெதுவாக. "அன்பா ஒருத்தர் சொமக்க வந்தா, ஆண்டவர் வேணாம்னு சொல்ல மாட்டார்."

வாசலில் நின்றுகொண்டிருந்த சவரிமுத்து உள்ளே வந்தார். நல்ல ஆகிருதி. கரும்பு வெட்டிப் பழகின தோள். "நான் இருக்கறேங்க," என்றார்.

பிலோமினா சிரித்துவிட்டாள். அந்த வார்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய்ப்புண்ணால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீயா? சோறு லேட்டானா ஊரையே கூட்டுவியே! ஒரு நாளு தாங்குவியா?"

"இருந்து காட்டறேன், பாரு."

"கஞ்சி மட்டும் தான். திருட்டுத்தனமா பரோட்டா கடைக்குப் போவக் கூடாது."

"போவ மாட்டேன்மே. நீ துன்னு."

சாமியார் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். டாக்டரம்மா டிபன் பாக்ஸை மறுபடி திறந்தார். பிலோமினா முதல் கவளத்தை வாயில் வைத்தாள். புண் எரிந்து கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் விழுங்கினாள். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. அன்றைக்கு மட்டும் அந்த அறையில் நின்றதைப் பாக்கியமாக நினைத்தேன்.

அதற்குப் பிறகு சவரிமுத்து செய்ததைப் பார்க்க வேண்டுமே! விடிகாலையில் கடற்கரைப் பக்கம் பொம்மையார்பாளையம் போய் மீன் வாங்கி, தன் அக்கா வீட்டில் குழம்பு வைத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். அந்த வாசனையை மடியில் வைத்துக்கொண்டு பட்டினியாக வருவார். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செல்லம்மா இப்போது காவல்காரி ஆகிவிட்டார். பிலோமினா ஒரு வாய் மிச்சம் வைத்தாலும், "வாணாம், எனுக்கு வாணாம், நீயே துன்னு. டாக்டரம்மாகிட்ட இன்னொரு தபா என்னால பேஜாரு பட முடியாது," என்று அதட்டுவார்.

அணுக்கள் ஏறின. மெதுவாக, எங்களைக் கெஞ்சவைத்து ஏறின. ஒருநாள் போடலாமா வேண்டாமா என்கிற எல்லையில் வந்து நின்றன. சென்னைக்கு லைன் கிடைக்கவில்லை. டாக்டரம்மா லேபுக்கு வந்தார்.

"லேப் சார், நேத்தைவிட இன்னைக்கு ஏறியிருக்குன்னு உறுதியா சொல்வீங்களா?"

"ஏறியிருக்கு மேடம். ரெண்டு தடவை எண்ணிட்டேன். நாளைக்கும் ஏறும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

"அதை நான் சொல்லிக்கிறேன்," என்று போய் ஊசி போட்டார். எண்ணுகிறவன் வேலை எங்கே முடிகிறது, முடிவெடுக்கிறவர் பாரம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பாரத்தில் துளியைக்கூட அவர் என் தலையில் வைக்கவில்லை.

பிலோமினா தாங்கினாள். அடுத்த ஊசியையும் தாங்கினாள். நிழல்கள் போயின, சோதனைகள் சுத்தமாக வந்தன, நோய் பிறகு திரும்பவே இல்லை. சில வருடம் கழித்துப் பிள்ளையும் பெற்றாள். உங்கள் ஆராய்ச்சியெல்லாம் இன்னும் எத்தனையோ பேரை இப்படிக் காப்பாற்றப் போகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு ஆளுக்கு என்ன சாப்பாடு என்று எழுதும்போது, அந்த ஆள் ஏன் சாப்பிடவில்லை என்பதையும் கேட்டுவிடுங்கள். எலியிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை, உங்களுக்கு அது ஒரு வசதி.

ஆனால் அந்தக் கேள்வியை நாங்களும் ஒரே ஒரு ஆளிடம்தான் கேட்டிருந்தோம்.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. பிலோமினா கறிக்குழம்பே சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். மதியம் ரத்தம் எடுக்கப் போனேன். டாக்டரம்மாவும் அங்கே இருந்தார். சவரிமுத்து வழக்கம்போல அவளுக்குப் பரிமாறிவிட்டு, சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"என்னப்பா, இன்னுமா ஒருசந்தி? ஈஸ்டர் தான் முடிஞ்சிடுச்சே, சாப்பிடு," என்றார் டாக்டரம்மா.

"அது அவ நேர்ச்சைங்க. அது முடிஞ்சிடுச்சிங்க."

"அப்ப இது யாரோடது?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னுதுங்க. நானும் தானுங்களே அதுக்கு அப்பன். என்னை யாரும் கேக்கலீங்க."

டாக்டரம்மா மெதுவாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என் கையிலிருந்த ஊசியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட கூட சொல்லலியே நீ," என்றாள் பிலோமினா.

"நீ பட்டினி கெடந்த. உங்கிட்ட போயி நான் இன்னாத்த சொல்றது?"

அவள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"வா. போதும். ரெண்டு பேரும் இருந்தாச்சி."

சவரிமுத்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சாப்பிட்டார்.